கட்டைவிரல் சப்பும் சிங்கம்

டிஸ்னி ஸ்டுடியோ 1973இல் வெளியிட்ட ‘ராபின் ஹூட்’ கார்ட்டூன் படத்தில், ஷெர்வுட் காட்டுக்குள் ஒரு ராத்திரி விருந்து நடக்கிறது. வரிமேல் வரி போடும் இளவரசன் ஜானை ஊரே கூடிக் கேலி செய்து பாடுகிறது. மரியன் என்கிற பெண் நரி கைதட்டிச் சுழல்கிறாள். லிட்டில் ஜான் என்கிற கரடியும் லேடி க்ளக் என்கிற பருத்த கோழியம்மாளும் இடுப்போடு இடுப்பு இடித்து ஆடுகிறார்கள். படத்திலேயே குதூகலமான இடம் இது. பணக்காரர்களிடம் திருடுபவனைப் பற்றிய இந்தப் படத்தில் நிஜமான திருட்டு நடப்பதும் இங்கேதான்.

மரியன் ஆடுவது ஸ்னோ ஒயிட்டின் ஆட்டம். 1937இல் வந்த படத்தில் குள்ளர்களின் குடிசைக்குள் அவள் போட்ட அதே அடி, அதே கைவீச்சு, பாவாடை விரிந்து அடங்கும் அதே கணக்கு. கரடியும் கோழியும் ஆடுவது 1967இன் ‘ஜங்கிள் புக்’கில் பலூவும் குரங்கரசன் லூயியும் பாழடைந்த அரண்மனையில் போட்ட கூத்து. மீதி அசைவுகளுக்கு 1970இன் ‘அரிஸ்டோகேட்ஸ்’ படத்துப் பூனைகள் கடன் கொடுத்திருக்கின்றன. இரண்டு காட்சிகளை ஒரே திரையில் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. எலும்பு ஒன்றுதான், தோல்தான் வேறு.

செய்முறை ஒன்றும் மர்மமில்லை. பழைய படங்களுக்கு வரைந்த பென்சில் தாள்களை ஸ்டுடியோ கிடங்கில் அடுக்கி வைத்திருந்தது. வேண்டியதை எடுத்து, கீழே விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையில் வைத்து, மேலே புதுத்தாளைப் பரப்பி, இளவரசி நின்ற இடத்தில் நரியை வரைந்தார்கள். செலவை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். பழைய தாளைத் தேடிப்பிடித்து, வேறு உடல்வாகு கொண்ட பாத்திரத்துக்குப் பொருத்துவதற்குப் புதிதாகவே வரைந்துவிடலாம் என்று அங்கே வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் காரணம் சிக்கனம் மட்டுமில்லை, பயமும்தான். ஒருமுறை பலித்தது மறுமுறையும் பலிக்கும் என்கிற நிச்சயம் இயக்குநருக்குத் தேவைப்பட்டது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இந்தத் திருட்டின்மேல் வரும் கோபத்தைக் குறைத்துவிடுகிறது. ஸ்னோ ஒயிட்டின் ஆட்டமும் வெறும் கற்பனையிலிருந்து வந்ததல்ல. பிற்காலத்தில் மார்ஜ் சாம்பியன் என்று பெயர்பெற்ற நாட்டியக்காரி அப்போது பதின்ம வயதுப் பெண். அவரை ஆடவைத்துப் படம்பிடித்து, அதைப் பார்த்துத்தான் ஓவியர்கள் வரைந்தார்கள். ஆக, 1930களில் கலிபோர்னியாவில் ஒரு பெண்ணின் கால் போட்ட அடி, முதலில் ஒரு இளவரசிக்கும், முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு நரிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. திருட்டு என்று தெரிந்தபிறகும் மரியன் சுழலும்போது அழகாகவே இருக்கிறாள். அசலில் இருந்த உயிர் நகலிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

இந்தப் படத்தின் குறைகளைப் பட்டியல் போடுவது சுலபம். விமர்சகர்கள் அன்றே போட்டார்கள். கதை தொடர்ச்சியாக ஓடாமல் துண்டு துண்டாக நிற்கிறது. பாத்திரங்கள் பழைய படங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். கோடுகள் கரடுமுரடு. முடிவு அவசரம். எல்லாமே சரி. ஆனாலும் இதைவிட நேர்த்தியாகச் செதுக்கிய எத்தனையோ கார்ட்டூன் படங்கள் ஒருமுறை பார்த்ததோடு மறந்துபோக, இது மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறது. என் கணிப்பு இதுதான்: இதை எடுத்தவர்களிடம் கதைகாரர் இல்லை, நடிகர்கள் இருந்தார்கள். அனிமேஷனில் நடிகர் என்றால் பென்சில் பிடித்த கை.

வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் காலமானார். ‘அரிஸ்டோகேட்ஸ்’ வரைக்கும் அவர் தலையசைத்துவிட்டுப் போன திட்டங்கள். அவர் கைபடாமல் அடியிலிருந்து உருவான முதல் முழுநீளக் கார்ட்டூன் ‘ராபின் ஹூட்’. டிஸ்னி அந்தக் காலத்தில் தானே கதை எழுதுபவரோ வரைபவரோ இல்லை. ஆனால் சுவரில் குத்திவைத்த கதைப்பலகைப் படங்களுக்கு முன்னால் நின்று, இந்த இடம் தொய்கிறது, இதை எடு, இவன் ஏன் இங்கே வருகிறான் என்று கேட்கக்கூடியவர். அந்தக் கேள்வி கேட்கும் ஆள் போனபிறகு மிஞ்சியவர்கள், முப்பது நாற்பது வருஷம் வரைந்து வரைந்து கை பழுத்த ஓவியர்கள்: மில்ட் கால், ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன், ஜான் லவுன்ஸ்பெரி. எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது. இயக்கியவர் வூல்ஃப்காங் ரைதர்மன். அவரும் அந்தக் கூட்டத்து ஆள்தான். ‘பினோக்கியோ’வில் மான்ஸ்ட்ரோ திமிங்கிலத்தையும் ‘ஃபேன்டேசியா’வில் டைனோசர் சண்டையையும் உயிர்ப்பித்தவர்.

கதை வந்த வழியும் கோணல்தான். ஸ்னோ ஒயிட் வெற்றிக்குப் பிறகு, 1930களிலேயே, ரெனார்ட் என்னும் நரியைப் பற்றிய ஐரோப்பிய இடைக்காலக் கதைகளைப் படமாக்கலாமா என்று ஸ்டுடியோவில் யோசித்தார்கள். நம் பஞ்சதந்திர நரிக்குத் தூரத்து உறவு அவன். ஆனால் ரெனார்ட் சுத்த அயோக்கியன். குழந்தைகள் படத்துக்கு அவனை நாயகனாக்க டிஸ்னிக்கு மனம் ஒப்பவில்லை. கோப்பு தூங்கியது. வருஷங்கள் கழித்து கென் ஆண்டர்சன் என்ற ஓவியர் அந்த நரிக்கு ராபின் ஹூட்டின் தொப்பியை மாட்டினார். திருடனாகவும் இருக்கலாம், நல்லவனாகவும் இருக்கலாம். பிரச்சினை தீர்ந்தது.

ரெனார்ட் கதைகளைத் தெரிந்தவர்களுக்குப் படத்தின் பாத்திரப் பட்டியலே ஒரு வேடிக்கை. அந்தக் கதைகளில் சிங்கம் அரசன், ஓநாய் நரியின் ஜென்ம விரோதி, கரடி உண்டு, வளைக்கரடி உண்டு, சேவலும் உண்டு. இந்தப் படத்தில் சிங்கம் இளவரசன் ஜான், ஓநாய் வரி வசூலிக்கும் ஷெரீஃப், கரடி லிட்டில் ஜான், வளைக்கரடி டக் என்கிற சாமியார், சேவல் கதைசொல்லும் பாணன். ராபின் ஹூட் பெயரில் பாதி ரெனார்ட் குடும்பம் உள்ளே வந்துவிட்டது. ஆண்டர்சன் ஷெரீஃபை ஆடாக வரைய நினைத்தாராம். வில்லன் என்றால் ஓநாய்தானே என்று ரைதர்மன் மறுத்துவிட்டார். அந்த ஆட்டை நினைத்தால் எனக்கு இன்னமும் ஏக்கம்தான். தாடி வைத்த ஒரு ஆடு வீடு வீடாகப் போய்க் காசை மேய்ந்துகொண்டு வருவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஆண்டர்சனின் இன்னொரு விருப்பம், கதையை இங்கிலாந்திலிருந்து பெயர்த்து அமெரிக்கத் தென்மாநிலங்களில் வைப்பது. 1946இல் வந்த ‘சாங் ஆஃப் த சவுத்’ படத்தால் பட்ட கெட்டபெயர் ஸ்டுடியோவுக்கு நினைவிருந்தது. வேண்டாம் என்றார்கள். களம் நாட்டிங்ஹாமுக்கே திரும்பியது. ஆனால் குரல்கள் மட்டும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டன. ஷெரீஃபுக்குப் பேசிய பாட் பட்ரம், சாமியாருக்குப் பேசிய ஆண்டி டிவைன், கழுகுக் காவலர்களுக்குப் பேசிய ஜார்ஜ் லிண்ட்ஸி, கென் கர்ட்டிஸ் எல்லோரும் கௌபாய் படங்களிலும் கிராமத்துத் தொலைக்காட்சித் தொடர்களிலும் பழகிய முகங்கள். சேவலுக்குப் பேசிப் பாடியவர் நாட்டுப்புற இசைப் பாடகர் ரோஜர் மில்லர். மறுபக்கம் ராபினும் மரியனும் இளவரசனும் சுத்தமான பிரிட்டிஷ் மேடை ஆங்கிலம் பேசுகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரே தெருவில் இரண்டு கண்டத்துப் பேச்சு. காண்டாமிருகமும் யானையும் முதலையும் அரண்மனைச் சேவகம் செய்யும் இங்கிலாந்தில் பேச்சு மட்டும் ஒழுங்காக இருந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள் போலும்.

தவறுதான். ஆனால் அந்தத் தவறு படத்துக்கு ஒரு நல்ல வில்லனைத் தந்துவிட்டது. நான் சொல்வது ஷெரீஃபை. தொந்தியும் தொப்பியுமாக, ஊர்க்காரர்களிடம் சுகம் விசாரித்துக்கொண்டே வருகிறான். குரலில் கடுமை துளியும் இல்லை. கொல்லன் ஓட்டோ என்கிற நாய் கால் முறிந்து மாவுக்கட்டோடு நிற்கிறான். கட்டுக்குள் காசை ஒளித்து வைத்திருக்கிறான். ஷெரீஃப் ஆறுதல் சொல்லிக்கொண்டே அந்தக் காலைத் தூக்கித் தட்டுகிறான், காசு கலகலவென்று கொட்டுகிறது. அடுத்த வீட்டில் முயல்குட்டி ஸ்கிப்பிக்கு அன்று பிறந்தநாள். குடும்பமே சேர்த்து ஒரே ஒரு செப்புக்காசு பரிசு கொடுத்திருக்கிறது. வாழ்த்துச் சொல்லிவிட்டு அதையும் எடுத்துக்கொள்கிறான். கண் தெரியாத பிச்சைக்காரனின் தகரக்குவளையையும் விட்டுவைப்பதில்லை. பல்லைக் கடிக்காமல், உறுமாமல், தன் வேலையைச் சிரித்த முகத்தோடு செய்யும் இந்த அதிகாரியிடம் குழந்தைகள் பயப்படுவதில்லை. பெரியவர்களுக்கு அவனைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அவன் ஆங்கிலேயப் பிரபுவின் குரலில் பேசியிருந்தால் இதில் பாதி போயிருக்கும்.

கோடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். 1950களின் கடைசி வரை ஓவியர் பென்சிலில் வரைந்ததை, மை தீட்டும் பெண்கள் ஒவ்வொரு தாளாக செல்லுலாய்டில் நகலெடுத்தார்கள். மெல்லிய, வண்ண மைக் கோடு. 1959இன் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ அழகாக இருந்தது, ஆனால் போட்ட பணம் வரவில்லை. அதன்பிறகு அப் ஐவெர்க்ஸ் என்ற நிபுணர் ஜெராக்ஸ் முறையைச் செல்லுலாய்டுக்குத் தகவமைத்தார். 1961இன் ‘101 டால்மேஷன்ஸ்’ முழுவதும் அந்த முறையில் வந்தது. பென்சில் கோடு நேரே நகலாகிவிடும். கூடவே, உருவம் பிடிக்கக் கீறிய முதல் கோடுகளும், அழிக்க மறந்த வட்டங்களும் வந்துவிடும். ‘ராபின் ஹூட்’டில் கன்னத்து ரோமத்தையோ கழுத்துத் துணியையோ கவனித்தால் கறுப்புக் கீறல்கள் துடித்துக்கொண்டே இருப்பது தெரியும். பெரிய திரையில் அவை கண்ணை உறுத்தும் என்பதை மறுக்கமாட்டேன். வால்ட் டிஸ்னிக்கே இந்தக் கீறல் பிடிக்காது.

எனக்குப் பிடிக்கும். மை தீட்டிய கோட்டில் சுத்தம் உண்டு, கை தெரியாது. இதில் மில்ட் கால் எந்த இடத்தில் பென்சிலை அழுத்தினார், எங்கே சட்டென்று இழுத்துவிட்டார் என்பது வரைக்கும் தெரிகிறது. ராபின் தலையை லேசாக ஒருபக்கம் ஆட்டி, புருவத்தைத் தூக்கி, அலட்சியமாகச் சிரிப்பான். அந்தத் தலையாட்டல் காலின் கையெழுத்து என்று அனிமேஷன் படித்தவர்கள் சொல்வார்கள். அதிகமாகப் போட்டுவிட்டார், படம் முழுக்க எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்று குறை சொல்பவர்களும் உண்டு. அதுவும் உண்மைதான்.

இந்தப் படத்தை நான் பார்ப்பது ஒரு ஜோடிக்காக. இளவரசன் ஜானும் அவனுடைய ஆலோசகன் சர் ஹிஸ் என்கிற பாம்பும்.

ஜான் சிங்கம். ஆனால் பிடரி இல்லை. அண்ணன் ரிச்சர்டின் கிரீடம் அவன் தலைக்குப் பெரிது, காதில் மாட்டித் தொங்குகிறது. இந்த இரண்டு விஷயங்களில் அவன் குணம் முழுவதையும் வரைந்து முடித்துவிட்டார்கள். மீதி வேலை குரலுடையது. பீட்டர் உஸ்தினோவ் 1951இன் ‘க்வோ வாடிஸ்’ படத்தில் நீரோ மன்னனாக நடித்து, கொடுங்கோலனுக்குள் ஒரு செல்லம் கெட்ட குழந்தையைக் காட்டியவர். அந்தக் குழந்தை இங்கே முழுசாக வெளியே வந்துவிட்டது. யாராவது அம்மா என்ற சொல்லை எடுத்தால் போதும். ஜானின் முகம் வாடும், ஒரு கை தன் காதைப் பிடித்து நீவும், மறுகையின் கட்டைவிரல் வாய்க்குள் போகும். அம்மாவுக்கு எப்போதும் ரிச்சர்டைத்தான் அதிகம் பிடிக்கும். கொடுமை, பேராசை, வரி எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு புண்தான்.

தொடக்கத்தில் ராபினும் லிட்டில் ஜானும் குறி சொல்லும் பெண்களாக வேஷம் போட்டு அவன் வண்டியை மறிக்கிறார்கள். கையை முத்தமிடும் சாக்கில் ராபின் மோதிரக் கற்களை உறிஞ்சிவிடுகிறான். இதையெல்லாம்விட நன்றாக இருப்பது திருட்டு முடிந்தபிறகு வருவது. வண்டி குடை சாய்ந்து, ஜான் சேற்றில் விழுந்து கிடக்கிறான். கையால் சேற்றை அறைந்து அறைந்து கத்துகிறான். அழுகை உச்சத்துக்குப் போகும்போது பழக்கதோஷத்தில் விரல் வாய்க்குப் போகிறது. நாக்கில் சேறு. முகம் கோணி, விரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, கோபத்திலிருந்து ஒரே நொடியில் அங்கலாய்ப்புக்கு மாறுகிறான். இந்த மாற்றத்தைக் கவனித்துப் பாருங்கள். மேடையில் பெரிய நடிகர்கள் செய்ய ஆசைப்படும் காரியம். அதை ஆலி ஜான்ஸ்டன் பென்சிலால் செய்திருக்கிறார்.

பாம்புக்குக் கையில்லை. நடிக்கவைப்பதற்கு இதைவிட மோசமான உடம்பு கிடையாது. அதனால்தான் சர் ஹிஸ் இத்தனை சுவாரசியம். வால்நுனியையே கையாகப் பிசைகிறான், விரலாக நீட்டுகிறான், வாயைப் பொத்துகிறான். குரல் டெர்ரி-தாமஸ். அவருடைய முன்பல் இடைவெளி உலகப் பிரசித்தம். ஓவியர்கள் அதே இடைவெளியைப் பாம்புக்கு வைத்து, நாக்கு அந்த வழியாகவே வெளியே வந்துபோகும்படி வரைந்துவிட்டார்கள். ஹிஸ் அறிவாளி. வரப்போகும் ஆபத்தை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்கிறான். ஒவ்வொரு முறையும் அடி வாங்குகிறான். காதருகில் சீறாதே என்று வசவு, தலையில் குட்டு, கூடைக்குள் சிறை. வில்வித்தைப் போட்டியில் இருவரும் உட்கார்ந்திருக்கும் விதம், பலகாலம் சேர்ந்து வாழ்ந்து சலித்துப்போன தம்பதியை ஞாபகப்படுத்தும். கண்களைச் சுழற்றி மயக்கும் வித்தையை ‘ஜங்கிள் புக்’ மலைப்பாம்பு காவிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கா வேட்டைக்காரன், ஹிஸ் குமாஸ்தா. கடன் வாங்கினாலும் இங்கே வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

லிட்டில் ஜான் விஷயத்தில் அப்படிச் சொல்லமுடியாது. அது பழுப்பு நிறத்தில் பலூதான். அதே உருவம், அதே ஃபில் ஹாரிஸின் குரல், அதே சோம்பேறித்தனமான நடை. ‘அரிஸ்டோகேட்ஸ்’ படத்தில் அலைந்து திரியும் பூனைக்கும் அவர்தான் குரல். மூன்று படத்தில் ஒரே ஆள் மூன்று தோல் போட்டு வருகிறார். கரடிக்குத் தனியாக ஒரு மனசு இருக்கிறதா என்று யாரும் யோசிக்கவில்லை. வில்வித்தைப் போட்டிக்கு அவன் சட்னி நாட்டுக் கோமகன் என்று சொல்லிக்கொண்டு வரும் இடம் மட்டும் விதிவிலக்கு. ஆமாம், நம் சட்னிதான். பெரிய மனிதத் தோரணையோடு அரச மேடைக்குள் நுழைந்து இளவரசன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறான்.

ராபினுடைய கூட்டாளிகள் எங்கே? கதைப்பாடல்களில் காடு நிறைய ஆட்கள். படத்தில் கரடி ஒருவன்தான். இரண்டு நண்பர்களின் கதையாக இருக்கட்டும் என்று ரைதர்மன் முடிவெடுத்ததால் மற்றவர்கள் உதிர்ந்துபோனார்கள். நாட்டிங்ஹாம் நகரமும் அப்படியே. ஒரு முயல் குடும்பம், ஒரு கொல்லன், ஒரு ஆமைக்குட்டி, தேவாலயத்து எலித் தம்பதி, சாமியார். விரல்விட்டு எண்ணினால் ஊர் முடிந்துவிடும். இவ்வளவு பேரிடம் வரி வாங்கியா அந்த மூட்டைகளெல்லாம் நிறைந்தன என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் முகங்கள் குறைவாக இருப்பதால் எல்லோரையும் தெரிந்துகொள்கிறோம். பின்னால் ஊரையே சிறையில் அடைக்கும்போது, அடைபடுபவர்கள் கூட்டமில்லை, தெரிந்தவர்கள்.

நாயகன்தான் படத்திலேயே வெளிறியவன். பிரையன் பெட்ஃபோர்டின் குரலில் குறையில்லை. உடம்பும் லாவகமானது. இந்த நரியின்மேல் ஒரு தலைமுறையே காதல் கொண்டு வளர்ந்ததாகச் சொல்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் அவனுக்குக் குழப்பம் இல்லை, நஷ்டம் இல்லை, பாடம் இல்லை. வேஷம் போடும்போது மட்டும் உயிர் வருகிறது. போட்டிக்கு நீளக்கால் நாரையாக வருவானே, அந்தக் கால்கள் தள்ளாடும் விதத்தில் உள்ள நகைச்சுவை ராபினாக நிற்கும்போது இல்லை. மரியன் பாடு இன்னும் மோசம். கோட்டை முற்றத்தில் குழந்தைகளோடு விளையாடும் இடத்தில் எவ்வளவு சுட்டியாக அறிமுகமாகிறாள்! காட்டு விருந்துக்குப் பிறகு அவளும் கோழியம்மாளும் காணாமல் போகிறார்கள். சிறை உடைப்பு, தீ, சண்டை எதிலும் இல்லை. நேரே கல்யாணத்துக்கு வருகிறாள். பழைய கதைப்பாடல்களில் மரியனே கிடையாது என்பது வாஸ்தவம். கொண்டுவந்தபிறகு அவளுக்கு வேலை கொடுத்திருக்க வேண்டாமா?

போட்டி கலவரமாக மாறும்போது கோழியம்மாள் காண்டாமிருகச் சேவகர்களை அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரி மாதிரி முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள். பின்னணியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆட்ட கீதங்கள். அன்றைய அமெரிக்கப் பார்வையாளருக்கு வெடிச்சிரிப்பு. வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு, ஏன் திடீரென்று பேண்டு வாத்தியம் என்று புரியாது. ஆனாலும் கோழி ஓடும் வேகத்துக்கே சிரிப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பாட்டுகளில் ஏற்ற இறக்கம் உண்டு. தொடக்கத்தில் சேவல் விசிலடித்துக்கொண்டே வரும் மெட்டு, அதை 1990களின் இறுதியில் யாரோ வேகம் கூட்டி இணையத்தில் ஆடும் வெள்ளெலிகளுக்குப் போட, உலகம் முழுக்கப் பரவியது. காதல் பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. ஃப்ளாய்ட் ஹட்டில்ஸ்டன் எழுத, ஜார்ஜ் பிரன்ஸ் இசை, ஹட்டில்ஸ்டனின் மனைவி நான்ஸி ஆடம்ஸ் பாடியது. மின்மினிகளும் அருவியுமாக வரும் அந்தக் காட்சி எனக்குக் கொஞ்சம் திகட்டும். ஆனால் 2009இல் வெஸ் ஆண்டர்சன் தன் ‘ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்’ படத்தில் இதே பாட்டை எடுத்துவைத்தபோது, அவருக்கும் இந்த நரியிடம் ஏதோ கடன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ‘ஜூடோபியா’வை இயக்கியவர்களில் ஒருவரான பைரன் ஹோவர்டும் இந்தப் படத்தின் ரசிகர்தான்.

இன்னொரு பாட்டுதான் என்னை ஒவ்வொரு முறையும் பிடித்து நிறுத்துவது. கேலிப்பாட்டு தன் காதில் விழுந்ததும் ஜான் வரியை மும்மடங்காக்குகிறான். அடுத்த காட்சியில் மழை. கட்டமுடியாதவர்கள் எல்லோரும் சிறையில், காலில் சங்கிலி. கதைசொல்லும் சேவலும் உள்ளே கிடக்கிறான். அதுவரை திரைக்கும் நமக்கும் நடுவே காலாட்டிக்கொண்டு நின்ற பாணன், இப்போது கம்பிக்குப் பின்னாலிருந்து பாடுகிறான். ரோஜர் மில்லரின் குரலில் அழுகை இல்லை, அலுப்பு இருக்கிறது. திரையில் அசைவே குறைவு. ஈரமான முகங்கள்மேல் காட்சி மெதுவாக நகர்ந்து போகிறது. வரைய நேரமும் பணமும் இல்லாததால் இப்படி எடுத்தார்களா, தெரிந்தே எடுத்தார்களா, எப்படியோ பொருந்திவிட்டது. தொடர்ந்து தேவாலயத்தில், எலிக் கிழவி சேர்த்து வைத்திருந்த கடைசிக் காசை உண்டியலில் போடுகிறாள். ஷெரீஃப் வந்து அதையும் எடுக்கிறான். உருண்டு திரண்ட சாமியார் டக் முதல்முறையாகக் கோபப்பட்டு அவனை மழையில் தள்ளிக்கொண்டு போகிறார். குழந்தைகள் படத்தில் ஒரு சாமியார் கம்பெடுத்து அரசாங்க அதிகாரியை அடிக்கிறார், நாம் கைதட்டுகிறோம். பிறகு ராஜத்துரோகம் என்று சொல்லி அவருக்குத் தூக்கு.

சிறை உடைக்கும் காட்சியில் ரைதர்மனின் பழைய கை திரும்பிவிடுகிறது. தூங்கும் ஜானின் படுக்கையறையிலிருந்து காசுமூட்டைகள் கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுகின்றன. கழுகுக் காவலனின் குறுக்குவில் எப்போது வெடிக்குமோ என்ற பதற்றம். ஓடும்போது கடைக்குட்டி முயல் பின்தங்கிவிட, ராபின் திரும்பி ஓடுகிறான். ஷெரீஃப் வீசும் தீவட்டியில் கோட்டையே பற்றிக்கொள்கிறது. கோபுரத்திலிருந்து அகழிக்குள் ராபின் பாய்ந்து, அம்புகள் தண்ணீரைத் துளைத்தபிறகு, தொப்பி மட்டும் மிதக்கிறது. கரையில் கரடியும் முயல்குட்டியும். நாணல் குழல் ஒன்று தண்ணீருக்கு மேலே நகர்ந்து வரும்வரை படம் அவசரப்படுவதில்லை. பத்து நிமிஷம் போல நீளும் இந்தப் பகுதி எந்தக் காலத்து டிஸ்னி படத்தோடும் தோள் சேர்த்து நிற்கும்.

இத்தனையும் செய்துவிட்டு, முடிவைக் கோட்டை விட்டுவிட்டார்கள். தீயில் எரிவது அம்மாவின் கோட்டை என்று ஹிஸ் சொல்லப்போக, ஜான் பைத்தியம் பிடித்தவன்போல் கம்போடு அவனைத் துரத்துகிறான். அடுத்த நொடியில் சேவல் வந்து, ரிச்சர்ட் மன்னர் திரும்பினார், எல்லாம் சரியாயிற்று என்கிறான். சிறைத்துணியில் கல்லுடைக்கும் ஜானையும் ஹிஸ்ஸையும் ஷெரீஃபையும் காட்டிவிட்டு, கல்யாண மணி. ரிச்சர்ட் வந்து நிற்கிறார், சிரிக்கிறார், அவ்வளவுதான்.

கதைப்பலகை வரைக்கும் போய்க் கைவிடப்பட்ட இன்னொரு முடிவு உண்டு. பிற்காலத்து வீடியோ பதிப்பில் அந்தப் படங்களைச் சேர்த்திருந்தார்கள். அகழியில் அம்பு பட்டுக் காயத்தோடு தேவாலயத்தில் கிடக்கிறான் ராபின், பக்கத்தில் மரியன். ஜான் கத்தியோடு உள்ளே வருகிறான். ஓங்கும் நேரத்தில் வாசலில் ரிச்சர்ட். கட்டைவிரல் சப்பியவனைக் கொலைகாரனாக்கினால் அதுவரை பார்த்த ஜான் உடைந்துபோவான். கத்தியை எடுத்தது சரி. ஆனால் அதோடு சேர்த்து அண்ணன் தம்பி சந்திப்பையும் எடுத்துவிட்டார்கள். முடிந்த படத்தில் ரிச்சர்ட் பேசும் ஓரிரு வரிகளுக்கும் குரல் உஸ்தினோவ்தான். சின்னச் சிங்கம் விரலைச் சப்புவது இந்தப் பெரிய சிங்கத்தின் பொருட்டு. ஒரே மனிதரின் தொண்டையிலிருந்து வரும் இரண்டு குரல்களும் ஒரு தடவையாவது நேருக்கு நேர் நின்று பேசியிருக்கலாம். இருவரையும் வரைய ஜான்ஸ்டன் இருந்தார், பேச உஸ்தினோவ் இருந்தார். அந்தக் காட்சியை எழுதத்தான் ஆள் இல்லை.